பொத்தையில் போல்ட் அடிப்பதற்கு முன்

திருநெல்வேலியில் எந்த ஹார்டுவேர் கடையில் போய் ‘ஆங்கர் போல்ட்’ என்று கேட்டாலும் உடனே எடுத்துத் தந்துவிடுவார்கள். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளபளக்கும். ஏசி யூனிட் மாட்ட, ஷட்டர் நிறுத்த, கிரில் பொருத்த அது போதும். ஆனால் பாறையில் பதித்த போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே பாறையேறும் ஒருவர் விழுந்தால் அவரைத் தாங்க வேண்டிய இடத்தில் அந்த போல்ட் ஒருபோதும் வரக்கூடாது. மேலே இருக்கும் பளபளப்பு சில மைக்ரான் கனமுள்ள துத்தநாகப் பூச்சு. சில ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேல் அது தாங்காது. அதன் பிறகு உள்ளே இருக்கும் சாதா இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியும் நட்டில் தொடங்காமல் துளைக்குள் ஈரம் தேங்கும் இடத்தில் தொடங்கும். வெளியே லேசான காவிக் கறை தெரிகிறது என்றால் உள்ளே தண்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பாறையேற்ற போல்ட்டுக்கு இரண்டு தரங்கள் உண்டு: ஐரோப்பியத் தரம் இஎன் 959, உலக மலையேற்றக் கூட்டமைப்பின் தரம் யுஐஏஏ 123. யுஐஏஏ தரப்படி, போல்ட்டைப் பாறைக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுத்தால் 25 கிலோநியூட்டனும் நேராக வெளியே பிடுங்கினால் 20 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. ஏறும் கயிற்றுக்கான சோதனையில் 80 கிலோ எடையை மிக மோசமான முறையில் விழவிட்டாலும் கயிறு தரும் திடீர் இழுப்பு 12 கிலோநியூட்டனுக்கு மேல் போகக்கூடாது. விழுபவர் ஒரு பக்கம் இழுக்க, கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் மறுபக்கம் இழுக்க, மேலே இருக்கும் போல்ட் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. கப்பி போட்டுத் தண்ணீர் இறைக்கும்போது உத்தரத்துக்கு வாளியின் எடையோடு இழுப்பவரின் இழுவையும் சேர்ந்து ஏறுகிறதே, அதே கணக்கு. உராய்வைக் கழித்துக்கொண்டால் மோசமான கணக்கிலும் 20-ஐ ஒட்டி நிற்கும். அன்றாட விழுதல்கள் பெரும்பாலும் 3 முதல் 6 கிலோநியூட்டனுக்குள் முடிந்துவிடும்.

ஆகவே தரமான போல்ட் நல்ல பாறையில் சரியாக இருந்தால், விழுகிற மனிதரால் அதை உடைக்க முடியாது. போல்ட் பிடுங்கிக்கொள்ளும்போது காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பாறை பொய், துளை பொய், அல்லது உலோகம் உள்ளுக்குள் தின்னப்பட்டிருக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கும் பலம் தண்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதன் பிடிமானத்தைப் பாறையிலும் துளையிலும்தான் தேட வேண்டும்.

முதலில் பாறை. நெல்லைச் சீமையில் சமவெளிக்கு நடுவே தனியே எழும்பி நிற்கும் பாறைக் குன்றைப் பொத்தை என்போம். இந்தப் பொத்தைகளிலும் மேற்கே மலையடிவாரத்திலும் கிடைப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறையும் சார்னோகைட்டும். சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடந்த கல்லால் வந்தது. கல் என்னவோ சென்னைப் பல்லாவரத்தில் வெட்டியது. இரண்டுமே இறுகிய, கனத்த பாறைகள். வீட்டுக் கான்கிரீட் 20, 25 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கினால் நல்ல சார்னோகைட் 100-க்கு மேல் தாங்கும். போல்ட்டுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. ஆனால் அந்த உறுதி பாறையின் உள்ளே இருக்கிறது, தோலில் இல்லை.

பொத்தையின் மேல்தோல் வெங்காயச் சருகு போல் ஏடு ஏடாகப் பெயரும். பகல் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மேலிருந்த பாரம் அரித்துப் போனதால் தளர்ந்து, சில அங்குலம் முதல் சில அடி வரை கனமுள்ள ஏடுகள் அடிப்பாறையை விட்டு விலகி நிற்கும். பார்வைக்கு ஒரே பாறைதான். அந்த ஏட்டில் 10 செ.மீ. போல்ட் அடித்தால், ஏறுபவர் தொங்குவது மலையிலா பலகையிலா என்று தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி சுத்தியல். துளை போடப் போகும் இடத்தைச் சுற்றி ஒரு முழ விட்டத்துக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் கையில் துள்ளும். ஏடு ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்கும். இடது உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினால் அதிர்வு கைக்கே தெரியும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்ட ஊருக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. விரிசலும் பொத்தலும் உள்ள கல் நாதம் தராது.

நைஸ் பாறையில் இன்னொரு கவனம் வேண்டும். அதில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும். கறுப்புப் பட்டையில் அப்பிரக வகைத் தாது அதிகம் இருந்தால் அந்தத் தளத்தில் பாறை எளிதில் பிளக்கும். கல்லுடைப்பவர்கள் உளி வைத்து வரிசையாகக் குழி எடுத்துப் பிளப்பது அந்தத் தளத்தைத்தான். விரியும் வகை போல்ட்டும் ஒரு சிறிய ஆப்புதான் என்பதை மறக்கக்கூடாது. பட்டைக்கு இணையாக அது விரிந்தால் நாமே பாறையைப் பிளக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் ஆவோம். துளை பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். பாறை விளிம்பிலிருந்தும் விரிசலிலிருந்தும் குறைந்தது 15 செ.மீ., முடிந்தால் 20 செ.மீ. விலகி இருக்க வேண்டும். இரண்டு போல்ட்டுக்கு நடுவிலும் 20 செ.மீ.க்குக் குறைய வேண்டாம்.

தண்ணீர் வழியும் தடத்தைச் சித்திரை வெயிலில் பார்த்தால் தெரியாது என்று நினைப்பார்கள். தெரியும். பாறையில் மேலிருந்து கீழாகத் தார் ஊற்றினாற்போல் கறுப்புப் பட்டைகள் இறங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் வடிந்து பாசி படிந்து காய்ந்த தடம் அது. அந்தக் கறுப்புக்குள் போல்ட் வைக்க வேண்டாம். ஒரு முழம் தள்ளி வைத்தாலே அதன் ஆயுள் நீளும்.

கைவிட்ட கல்குவாரிச் சுவர்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. செங்குத்தாக, உயரமாக, சாலையோரத்திலேயே இருக்கும். ஆனால் வெடி வைத்து உடைத்த முகம் அது. வெடிக்குழியின் பாதித் தடம் சுவரில் குழாயைப் பிளந்தாற்போல் தெரிந்தால், அதற்குப் பின்னால் பாறை நுண்ணிய விரிசல்களோடு இருக்கிறது என்று பொருள். அங்கே பாறையைத் தட்டிப் பார்த்தும் முழு உண்மையும் வராது. எங்கள் தீர்ப்பு, குவாரி முகத்தை விட்டுவிட வேண்டும் என்பதே.

அடுத்து உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒரே பெயரில் விற்பது பல வகை. 304 என்பது சமையல் பாத்திர வகை. போல்ட், நட்டுகளில் இதை ஏ2 என்று பொறித்திருப்பார்கள். 316 என்பது மாலிப்டினம் சேர்த்தது, பொறிப்பு ஏ4. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு போல்ட்டுக்குப் பெரிதாக வராது. வித்தியாசம் உப்பில் தெரியும். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் உள்நாட்டுப் பாறைகளில் 304 பல ஆண்டுகள் நிற்கக்கூடும். அங்கும் 316 வாங்குவதே சரி என்போம். துளை போடும் உழைப்பும் ஏறிக் கிடக்கும் நேரமும் உலோகத்தின் விலையைவிட எத்தனையோ மடங்கு பெரியது. மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்க்கலாம்.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் என்று தெற்கே இறங்க இறங்கக் கணக்கு மாறும். கடல் ஒரு பக்கம் மட்டும் இல்லை, காற்றும் நிற்பதில்லை. கூடங்குளம், உவரி போன்ற கரையோரம் போய்விட்டால் 316-ம் போதாது. உப்பும் வெப்பமும் சேரும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஒரு தனி வியாதி வரும். துரு பரவலாகப் பிடிக்காது. உள்ளுக்குள் இழுவிசை இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று கிளம்பி உலோகத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். வெளியே பழுப்புப் புள்ளி ஒன்றிரண்டு இருக்கலாம், அதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஒருநாள் கை இழுப்புக்கே ஹேங்கர் (போல்ட்டில் பொருத்தி, கயிற்றுக்கான கொக்கியை மாட்டும் தகடு) இரண்டாகப் பிளக்கும். தாய்லாந்தின் ரெய்லே கடற்கரைப் பாறைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் இப்படி முறிந்த பிறகுதான் அங்கே டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையில் பதிக்கத் தொடங்கினார்கள். நம் பாறை சுண்ணாம்பு இல்லை, அங்கிருக்கும் சுண்ணாம்பு மலைகளின் வேதியியல் இங்கே அப்படியே வராது. ஆனால் நம் பாறை வெயிலில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், உப்புக் காற்றும் இருக்கிறது. கடலைப் பார்த்து நிற்கும் பாறைக்கு டைட்டானியம் பசைப் போல்ட் வாங்க வசதி இல்லையென்றால், வசதி வரும்வரை அங்கே போல்ட் வேண்டாம். மேலிருந்து கயிறு போட்டு ஏறலாம்.

உலோகங்களைக் கலப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 316 ஹேங்கர், 316 தண்டு எல்லாம் தேடி வாங்கிவிட்டு, வாஷர் ஒன்று தொலைந்தது என்று ஊர்க் கடையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாஷர் வாங்கிப் போடுவார்கள். ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் பேட்டரி போல வேலை செய்து, மட்டமான உலோகம் வேகமாகக் கரையும். ஏறும் வழியின் உச்சியில் உள்ள ஆங்கரில் துத்தநாகப் பூச்சுச் சங்கிலியை ஸ்டெயின்லெஸ் ஹேங்கரில் மாட்டுவதும் இதே கதைதான். தண்டு, நட், வாஷர், ஹேங்கர், வளையம், சங்கிலி எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நம்ப வேண்டாம். 304-ஐக் குளிர்நிலையில் வளைத்து அழுத்தியிருந்தால் லேசாகக் காந்தத்தில் ஒட்டும். காந்தம் ஒட்டாததால் அது 316 ஆகிவிடவும் செய்யாது. ஹேங்கரில் தர எண்ணும், தாங்கும் கிலோநியூட்டனும், உலோக வகையும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் வழி. பொறிப்பு இல்லாத ஹேங்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. ஊர்ப் பட்டறையில் தகடு வளைத்துச் செய்து வாங்குவதும் அப்படியே.

வகை இரண்டு. ஒன்று விரியும் போல்ட்: தண்டின் நுனியில் கூம்பும், அதைச் சுற்றி ஒரு கிளிப்பும் இருக்கும், நட்டை இறுக்கும்போது கூம்பு மேலே ஏறிக் கிளிப்பைத் துளைச் சுவரில் அழுத்தும். மற்றது பசைப் போல்ட்: வளையத்தோடு ஒரே தண்டாகச் செய்தது, வேதிப்பசையில் பதிந்து நிற்கும். விரியும் போல்ட் உடனே பயன்படும், தொங்கிக்கொண்டே அடிக்கலாம், எங்கே எப்போது இறுக்க வேண்டும் என்பது கைக்கு அகப்பட்டது. பசைப் போல்ட் பாறையைப் பிளக்க முயலாது, துளையைத் தண்ணீர் புகாமல் மூடும், நட் தளரும் பேச்சே இல்லை. ஆனால் தவறாகப் பதித்ததை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். பசை வேலை கற்றுக்கொள்ளாதவர் பசைப் போல்ட் வைப்பதைவிட, விரியும் போல்ட்டை ஒழுங்காக வைப்பது பாதுகாப்பு. உள்நாட்டு இறுகிய பாறைக்கு 12 மி.மீ. தடிமன், 90 முதல் 110 மி.மீ. நீளமுள்ள 316 விரியும் போல்ட் நல்ல தேர்வு. 10 மி.மீ. போல்ட்டும் தரத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அது மெலிந்தது, அதிகம் இறுக்கினால் தண்டே இழுபட்டுவிடும், அரிப்புக்கும் தாக்குப் பிடிக்கும் நாள் குறைவு. 8 மி.மீ. வேண்டவே வேண்டாம்.

துளைதான் இந்த வேலையின் உயிர். எஸ்டிஎஸ் பிளஸ் பிட் ஏற்கும் பேட்டரி ஹாமர் ட்ரில் வேண்டும், சாதா இம்பாக்ட் ட்ரில் நம் பாறையில் வழுக்கிக்கொண்டே நிற்கும். பிட்டின் தலை நான்கு வெட்டு கார்பைடாக இருந்தால் துளை வட்டமாக வரும். இரண்டு வெட்டுப் பிட் ஒழுங்கில்லாத துளை போடும், அதில் கிளிப் முழுதாகப் பிடிக்காது. சார்னோகைட் பிட்டைத் தின்னும். கான்கிரீட்டில் 50 துளை போட்ட அனுபவத்தை வைத்து இங்கே கணக்குப் போட வேண்டாம். தலையின் குறுக்களவை வெர்னியரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்த பிட் சிறிய துளை போடும், போல்ட் பாதியில் சிக்கும், சம்மட்டியால் அடித்து இறக்கினால் மரை நசுங்கும். மாறாக, ட்ரில்லை ஆட்டிக்கொண்டே துளைத்தால் வாய் அகன்றுவிடும், நட்டை இறுக்கும்போது தண்டு முழுவதும் சேர்ந்து சுற்றும்.

துளை பாறை முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஹேங்கர் முழுதாகப் படியும் அளவுக்கு அந்த இடம் சமமாக இருக்க வேண்டும். ஹேங்கருக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு விழுதலிலும் தண்டு வளையும். ஆழம் போல்ட்டின் நீளத்தைவிட 10, 20 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பின்னாளில் போல்ட் கெட்டுவிட்டால் உள்ளே தட்டி இறக்கி மூட அந்த இடம் உதவும். பிட்டில் டேப் ஒட்டி ஆழக் குறி வைத்துக்கொள்ளலாம்.

துளைக்கும்போது கண்ணும் காதும் தூளின் மேல் இருக்க வேண்டும். வெள்ளையோ சாம்பலோ ஒரே நிறத்தில், மாவு போல விழுந்தால் நல்லது. மஞ்சளோ காவியோ ஆனால் மக்கிய பாறை. ஈரமாக வந்தால் உள்ளே விரிசலில் தண்ணீர் இருக்கிறது. சீராகப் போன ட்ரில் திடீரென்று உள்ளே ஓடினால் அங்கே வெற்றிடம். இந்த மூன்றில் எது வந்தாலும் அந்தத் துளையை விட்டுவிட்டு நல்ல கல்லில் புதிதாகப் போட வேண்டும். பாதி வேலை ஆகிவிட்டதே என்று இரக்கப்படக்கூடாது. தூளில் சிலிக்கா இருக்கிறது. கல்லுடைக்கும் ஊர்களில் நுரையீரல் நோய் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 தர முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

பிறகு சுத்தம். ஊதி, பிரஷ் போட்டு, ஊதி, பிரஷ் போட்டு, மீண்டும் ஊத வேண்டும். குறைந்தது நான்கு சுற்று. ஊதும் குழாய் துளையின் அடிவரை போக வேண்டும், வாயில் நின்று ஊதினால் தூள் அடியிலேயே கிடக்கும். பிரஷ் துளையைவிடச் சற்றுப் பெரியதாக, உரசிக்கொண்டு நுழைவதாக இருக்க வேண்டும். விரியும் போல்ட்டுக்குத் தூள் எண்ணெய் போல வழுக்கும், கிளிப் பிடிக்காது. பசைப் போல்ட்டுக்கு அது இன்னும் கேடு. பசை பாறையை விட்டுவிட்டுத் தூளில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெளியே எல்லாம் கச்சிதமாகத் தெரியும், முழுத் தண்டும் பசை உறையோடு கையோடு வரும்.

விரியும் போல்ட்டை இறக்கும்போது நட்டை மரையின் நுனிவரை வெளியே வைத்து அடித்தால் மரை பிழைக்கும். ஹேங்கர் பாறையில் படிந்ததும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குப் பொதுவாக 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் பெட்டிக்குள் வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. கை பலத்தை நம்பி இறுக்குபவர்கள் இரண்டு வகையிலும் தவறுவார்கள். குறைந்தால் கூம்பு ஏறாது, கூடினால் ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடொன்று உருகி ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் முன்னும் போகாது பின்னும் வராது. இறுக்கும்போது போல்ட் சில மி.மீ. வெளியே ஏறி வந்து அதன்பின் கல்லாக நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே இருந்தால் கிளிப் பிடிக்கவில்லை. சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது நல்லது, புதிதாக இறுக்கிய போல்ட் சற்றுத் தளரும்.

பசை வேலைக்கு நம் ஊரில் முதல் எதிரி வெயில். இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசை டியூபை வெயிலில் நிற்கும் காரில் போட்டு வைத்தால் அது வேலைக்கு ஆகாது. ஐஸ் பெட்டியில், துணி சுற்றி, தண்ணீர் படாமல் மேலே கொண்டு போக வேண்டும். 20 டிகிரியில் அரை மணி நேரம் வேலை செய்ய இடம் தரும் எபாக்சி 40 டிகிரியில் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் இறுகத் தொடங்கும். பாறையின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே துளைகளையெல்லாம் முதல் நாளே போட்டுச் சுத்தம் செய்து, பசையை விடியற்காலையில், பாறை இரவு முழுக்க ஆறியிருக்கும்போது வைப்பதுதான் சரி. தை, மாசி நல்ல மாதங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. பாலியெஸ்டர் பசை மலிவு என்று கட்டிட வேலைக்கு விற்பார்கள், அதைத் தொட வேண்டாம். காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

அளவுக் கணக்கு எளிது. 14 மி.மீ. துளை, 100 மி.மீ. ஆழம் என்றால் 15 மில்லி இடம். அதில் 10 மி.மீ. தண்டு 8 மில்லியை அடைத்துக்கொள்ளும். மீதி 7, 8 மில்லி. வழிவதும் வாய்க்குழியை நிரப்புவதும் சேர்த்து 10 முதல் 12 மில்லி என்று வைக்கலாம். 300 மில்லி டியூபில் 25 வரும் போலத் தோன்றும். டியூபின் கலக்கும் முனையான நாசிலை மாற்றும்போது போவது, முதலில் பிதுக்கிக் கழிப்பது எல்லாம் போக 20 என்று கணக்கு வைத்துப் போனால் நடுவில் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதில்லை. நாசிலிலிருந்து முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது. நிறம் ஒரே சீராக வரும்வரை, சுமார் ஒரு சாண் நீளத்துக்குப் பிதுக்கி ஒரு பையில் எறிய வேண்டும். பாறையில் தேய்க்கக்கூடாது. நடுவில் பத்து நிமிடம் நின்றுவிட்டால் நாசிலுக்குள்ளேயே இறுகும், புது நாசில், மறுபடியும் கழிவு.

போல்ட்டை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கிவிட்டு, பிறகு அதன் தண்டை விரலால் தொடக்கூடாது. நாசிலைத் துளையின் அடிவரை விட்டு, பிதுக்கிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். வாயிலிருந்து நிரப்பினால் அடியில் காற்று சிறைப்படும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் போல்ட்டை மெதுவாகத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும், மரையில் பசை ஏறுவதற்காக. கடைசியில் வாயைச் சுற்றிப் பசை பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் பசை போதவில்லை, உடனே வெளியே எடுத்து இன்னும் நிரப்ப வேண்டும். வளையத்தின் கழுத்து சற்று உள்ளே பதியும்படி வாயில் ஒரு சிறு பள்ளம் முன்பே வெட்டியிருந்தால் போல்ட் சுற்றாது. பிறகு யாரும் தொடக்கூடாது. வளையத்தில் சிவப்பு டேப் சுற்றி அன்றைய தேதியை எழுதிவிட வேண்டும். பசைக் கம்பெனி சில மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நாங்கள் ஒரு முழு நாள் என்போம். மீதிப் பசையை ஓர் அட்டையில் பிதுக்கி வைத்துவிட்டு வந்தால், மறுநாள் அதில் நகம் அழுந்துகிறதா என்று பார்த்தே கலவை சரிதானா என்று தெரிந்துகொள்ளலாம்.

போல்ட் எங்கே வர வேண்டும் என்பதைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. மேலிருந்து கயிறு போட்டு அந்த வழியை நாலைந்து முறை ஏறிப் பார்த்து, கை எட்டும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறிக்க வேண்டும். ஹேங்கரில் கயிற்றை மாட்டும் கொக்கியான கராபினர் தொங்கும்போது பாறை விளிம்பில் மடங்கிக் கிடக்கக்கூடாது. நீளவாக்கில் 20 கிலோநியூட்டன் தாங்கும் கராபினர் குறுக்கே இழுபட்டாலோ வாய் திறந்திருந்தாலோ 7 அளவில்தான் நிற்கும். முதல் இரண்டு போல்ட்டுகளுக்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். முதல் போல்ட் 3 மீட்டரில், இரண்டாவது 4.8 மீட்டரில் என்று வைப்போம். இரண்டாவதில் மாட்டத் தலைக்கு மேல் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் கால் வழுக்கினால், முதல் போல்ட்டுக்கு அப்பால் வெளியே இருக்கும் கயிறு 2.6 மீட்டர்: இரண்டாவது போல்ட் வரை 1.8, அங்கிருந்து இடுப்புக்கு இறங்க 0.8. அவர் இடுப்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் வந்து நிற்கும், கயிறு நீளுவதைச் சேர்க்காமலேயே. அதாவது தரையில் விழுகிறார். அதனால் இரண்டாவது போல்ட் முதலுக்கு மேல் 1 மீட்டரை ஒட்டியே வர வேண்டும். மேலே போகப் போக இடைவெளி கூட்டலாம். பாறையின் நடுவே திண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தரைதான், அதற்கு மேலும் இதே கணக்கு.

உச்சியில் எப்போதும் இரண்டு போல்ட். ஏறியவரைக் கீழே இறக்கக் கயிறு ஓடும் வளையங்கள் ஸ்டீலாக இருக்கட்டும், அலுமினியக் கராபினரை நிரந்தரமாக விட்டு வர வேண்டாம். நம் பக்கத்தில் இதற்குக் கூடுதல் காரணம் தேரி மணல். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் கயிற்றில் ஏறிவிட்டால் கயிறு அரம் போல வளையத்தை ராவும். கயிற்றுக்குக் கீழே ஒரு தார்ப்பாய் விரித்தாலே இதில் பாதி குறையும். வளையத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்கே அடிக்கக்கூடாது என்பது பெரிய கேள்வி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ள பாறை, மருகால்தலையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு உள்ள குன்று, இவற்றின் அருகே ட்ரில்லை எடுத்துப் போவதே பாவம். சுனை, கற்படுக்கை, எழுத்து, கோயில் எது இருந்தாலும் அந்தப் பொத்தையை விட்டுவிடுவோம். எழுத்து இருப்பது முதல் பார்வைக்குத் தெரியாது, காலைச் சாய்வெயிலில் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் நிலம் யாருடையது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே தொடங்க வேண்டும்.

மலைத்தேனீயைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாறைத் தொங்கலில் அகலமான அடை ஒன்று தெரிந்தாலும் அந்த முகத்தில் ட்ரில் போடக்கூடாது. அதிர்வு போதும், கூட்டமாகக் கிளம்பும். கயிற்றில் தொங்குபவர் ஓட முடியாது. பழைய அடையின் மெழுகுத் தடம் இருந்தால் அடுத்த பருவத்தில் அங்கே திரும்ப வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ராஜாளியோ கொம்பன் ஆந்தையோ கூடு வைத்திருக்கும் பாறைக்கும் அதே மரியாதை.

போல்ட் வைத்த பிறகு ஒரு நோட்டு வேண்டும்: எந்த வழி, எத்தனையாவது போல்ட், எந்தக் கம்பெனி, எந்த உலோகம், பசையின் தொகுதி எண், தேதி, வைத்தவர். ஒரு தொகுதிப் பசையில் பழுது என்று தெரிய வந்தால் எந்தப் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று அந்த நோட்டுதான் சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். நட் தளர்ந்திருந்தால் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கலாம். அடுத்த முறையும் அதே நட் தளர்ந்திருந்தால் இறுக்குவதில் பயனில்லை, உள்ளே கிளிப் விட்டுவிட்டது. காவிக் கறை வழிந்தாலோ பசைக்கும் பாறைக்கும் நடுவே கோடு தெரிந்தாலோ அந்தப் போல்ட்டில் டேப் சுற்றி அடைத்துவிட்டு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும்.

மாற்றும்போது பழைய துளையைத் திறந்து விடக்கூடாது. விரியும் போல்ட்டின் நட்டைக் கழற்றி, தண்டை உள்ளே தட்டி இறக்கி, எபாக்சியால் வாயை நிரப்பி, அது இறுகுவதற்குள் அதே பாறையின் தூளை மேலே அழுத்தித் தடவினால் ஒரு அடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. புதுத் துளை போடும்போது விழும் தூளை ஒரு டப்பாவில் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், நிறம் தானாகவே பொருந்திவிடும்.